வெயில் விழும் மூலை

பிளாஸ்டிக் வாளியில் ஓட்டை போடுவது எப்படி என்று யாரும் சரியாகச் சொல்லித்தருவதில்லை, ஐயா. சுத்தியலும் ஆணியுமாக உட்கார்ந்தால் வாளி கீறிக்கொண்டு போய்விடும். ஆணியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் பிடித்து, மெல்ல அழுத்த வேண்டும். சத்தமே இல்லாமல் இறங்கும். அடியில் நாலைந்து ஓட்டை போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தொட்டியில் வளர்கிற செடிகளில் பாதி, வளர்ப்பவர்களின் பாசம் தாங்காமல்தான் சாகின்றன.

உங்கள் ஆட்களுக்கு இது தெரிந்திருந்தால் என் தொட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டியிருக்க மாட்டார்கள். விஷம் தேடினார்களாம். கிடைத்தது மண்ணும் மணலும் மக்கிய இலையும். தக்காளி நாற்றின் வேர் தலைமுடியைவிட மெல்லியது. அதன்மேல் பூட்ஸ் காலை வைத்தார்கள். அதற்கு யார் வாக்குமூலம் கொடுப்பார்கள் என்று கேட்கலாமென்று நினைத்தேன். போகட்டும். அண்ணனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். தோட்டத்தைச் சொன்னால்தான் அண்ணன் விஷயம் விளங்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் ஐயா இதையும் எழுதிக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டின் பின்புறம் முழுக்க சிமெண்ட் தளம். எங்கள் வீடு என்றது வாய்ப்பழக்கம், வீடு அண்ணனுடையது. அவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். நான் ஒரு செருப்புக் கடையின் கிடங்கில் வேலை பார்த்தேன். கடையை மூடியதும், பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். வந்தேன். ஒரு வேளைகூட அவர் என் தட்டைக் கணக்குப் பார்த்ததில்லை. அதை நான் மறக்கவில்லை. நன்றி கெட்டவன் என்று அண்ணி சொன்னது எங்காவது எழுதப்பட்டிருந்தால் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கொஞ்சம் கோணியது. கிண்டல் மட்டும் கோணவில்லை. அண்ணி மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் போனால் மதியம் தாண்டித்தான் வருவார். அதுவரை அண்ணன் என் பொறுப்பு. காலை வெயில் உடம்பில் படவேண்டும், குளிர் மட்டும் ஆகாது, சளி கட்டினால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணி தினமும் செருப்பு மாட்டும்போது அதையே ஒப்பிப்பார்.

"தம்பி, வெயில் இருக்கற வரைக்கும் அவர் அங்கயே இருக்கட்டும். வெயில் போனதும் உள்ள கூட்டிட்டு வந்துடுங்க."

பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்பிய பிறகு எங்கள் பின்புறத்துக்கு மிஞ்சிய வெயில் ஒரே ஒரு மூலைதான், தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக. அண்ணனின் சக்கர நாற்காலியும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் கொள்ளும் அளவு. மற்ற இடமெல்லாம் நாள் முழுக்க நிழல். போதாக்குறைக்கு இரண்டு சுவர்களுக்கு நடுவே ஊசிக் காற்று. அண்ணன் அந்த மூலைக்கு டிப்போ என்று பெயர் வைத்திருந்தார். "வண்டிய டிப்போவுல விடுறா" என்பார். கையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் கரண்டி. ஏதாவது வேண்டுமென்றால் நாற்காலியின் இரும்புக் கைப்பிடியில் தட்டுவார். அதுதான் ஹாரன்.

குளிர் குறையத் தொடங்கும்போதே அடுத்த பருவத்துக்குத் திட்டம் போட்டுவிட வேண்டும் என்பார்கள். நானும் போட்டேன். பழைய பெயிண்ட் டப்பாக்களில் மிளகாய். வாளிகளில் தக்காளி. வேலை செய்யாத சலவை இயந்திரத்தின் உள் உருளையில் பீன்ஸ். அதில் ஓட்டைகூடப் போட வேண்டாம், பிறக்கும்போதே ஓட்டையோடு பிறந்தது. வீட்டில் நான் செய்த எந்தக் காரியமும் அவ்வளவு அழகாக அமைந்ததில்லை. எந்தத் தொட்டி எங்கே என்று தளத்தில் சாக்கட்டியால் வட்டம் வட்டமாக வரைந்தேன். எல்லாம் அந்த மூலையில் கச்சிதமாக அடங்கியது. அண்ணன் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, என் சக்கரத்துக்கு ஒரு வட்டம் போட்டியா?"

போட்டிருக்கவில்லை. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். தக்காளிக்குக் குறைந்தது அரை நாள் வெயில் வேண்டும், அது என் சட்டம் இல்லை என்று விளக்கினேன். அவர் விடவில்லை.

"அப்ப செடிய தூக்கி என் மடியில வைடா. ரெண்டு பேரும் சேந்து காயறோம்."

பேசுவதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய முட்டி நடுங்கும். தொட்டி விழுந்து உடைந்தால் யார் பொறுப்பு? நான் நிதானமாக யோசிக்கிறவன், ஐயா. உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நாற்றுகளைப் பழக்குவது என்று ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்குள் பத்திரமாக முளைக்கவைத்த நாற்றைத் திடீரென்று வெளியே வைத்தால் துவண்டுவிடும். முதல் நாள் சற்று நேரம் நிழலிலும் காற்றிலும் வைக்க வேண்டும். மறுநாள் இன்னும் கொஞ்சம். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் தண்டு தடிக்கும், எதையும் தாங்கும். தொப்பி போட்ட ஒரு தோட்டக்காரர் வீடியோவில் இதைச் சொன்னபோது எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அண்ணி அவரைக் கம்பளி, காலுறை, குல்லாய் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார். பேருந்து ஓட்டிய மனிதர். அப்படிப் பொத்தினால் உடம்பு எப்படித் தேறும்?

அதனால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினேன். முதல் நாள் பாதம் மட்டும் நிழலில். பிறகு முட்டிவரை. பிறகு முழு வண்டியும் சுவர்களுக்கு நடுவே, காற்று வரும் வழியில். கம்பளியையும் எடுத்தேன், நாற்றின்மேல் மூடியை வைத்துக்கொண்டு யாரும் பழக்குவதில்லை. அவருக்கு அருகிலேயே நாற்றுத் தட்டுகளையும் வைத்தேன். பாரபட்சம் பார்க்கவில்லை. தட்டுகளைச் சீக்கிரமே வெயில் மூலைக்கு மாற்றிவிட்டேன் என்பது உண்மைதான். அவை வேகமாகத் தேறின.

அண்ணன் ஹாரன் அடித்தார். போனேன்.

"டேய், டிப்போ அந்தப் பக்கம்டா. ரூட் மாறிப் போச்சு."

"கொஞ்ச நாள்ண்ணே. பழகிடும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அண்ணி சீக்கிரம் திரும்பிவிட்டார். நாற்காலியை அப்போதுதான் உள்ளே தள்ளியிருந்தேன். அண்ணனின் கையைத் தொட்டுப் பார்த்து, ஏன் இப்படி சில்லென்று இருக்கிறது என்று கேட்டார். கை கழுவிவிட்டேன் என்றேன். அண்ணி நம்பவில்லை. அண்ணனிடமே கேட்டார். ஐயா, இந்த இடத்தைக் கவனமாக எழுதச் சொல்லுங்கள்.

"நான்தான் நிழல்ல விடச் சொன்னேன். வெயில் கண்ணு கூசுது. அவனை ஒண்ணும் சொல்லாத" என்றார் அண்ணன்.

பார்த்தீர்களா? அவரே ஒப்புக்கொண்டார். அன்று இரவு சாப்பிடும்போது தன் தட்டிலிருந்த முட்டையை என் பக்கம் தள்ளினார். வேலைக்காரன் திடமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். சாப்பிட்டேன்.

மழை பெய்த காலைப்பொழுதைப் பற்றி முதல் தடவை கேட்டபோது, அண்ணன் வெளியே இருந்ததை மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அதைத் திருத்த வேண்டும். மறக்கவில்லை. மழை தூறியதும் ஓடிப்போய் நாற்றுத் தட்டுகளை உள்ளே எடுத்தேன். அவை சின்ன உயிர்கள், மழைத்துளி பட்டாலே முறிந்துவிடும். ஒவ்வொரு தட்டாக நாற்காலியைத் தாண்டித்தான் எடுத்துப் போனேன். அண்ணன் முட்டியை ஒதுக்கி வழிவிட்டார். அடுத்தது தன் முறை என்று நினைத்திருக்கலாம்.

நான் சமையலறை ஜன்னலருகே நின்று டீ குடித்தேன். ஹாரன் சத்தம் கேட்டது. முதலில் முன்னால் போகிற வண்டியை விலகச் சொல்வதுபோல் விட்டு விட்டு அடித்தார். பிறகு நீளமாக. பிறகு கரண்டி கீழே விழுந்த சத்தம். பக்கத்துக் கட்டடத்தில் துணி எடுக்க வந்த பெண்மணி மாடியிலிருந்து கத்தி என்னவோ சொன்னார். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. மரியாதைக்குக் கையை ஆட்டினேன். அவர்தான் பிறகு உங்களிடம் சாட்சி சொன்னவர்; நல்ல பெண்மணி, ஆனால் தோட்டக்கலை தெரியாது.

டீயைக் குடித்து முடித்த பிறகுதான் அவரை உள்ளே கொண்டுவந்தேன். தலை துவட்டி, உடை மாற்றி, குல்லாயும் போட்டுவிட்டேன். அண்ணி வந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன, திறந்தால் நிற்காது என்று இருந்திருப்பார்.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல். அண்ணி விடுப்பு கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. வெளியே கூட்டிப்போகவே வேண்டாம் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணியை வழியனுப்பிவிட்டு நாற்காலியை வெளியே தள்ளினேன். மழை விட்டபாடில்லை. பழக்குவதை நடுவில் நிறுத்தினால் நாற்று மறுபடி நோஞ்சானாகிவிடும். மேலும், அவர் உள்ளே இருந்தால் தட்டுகளை வைக்க இடம் இல்லை. காய்ச்சல் உடம்பு மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னது நினைவிருந்தது. தெரிந்தேதான் வைத்தேன். அன்று கரண்டியை அவர் கையில் கொடுக்கவில்லை.

"தம்பி" என்று ஒரு தடவை கூப்பிட்டார். வழக்கமாக டேய் என்பவர்.

அண்ணி வரும்போது அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணி துவைக்கிற படுக்கை விரிப்புகளில் ஒன்றின்மேல்தான் அடுத்த வாரம் அவர் போய்ச் சேர்ந்தார். நாற்காலி காலியானதும் சாக்கட்டி வட்டங்களின்படி தொட்டிகளை வைத்தேன். தக்காளி நன்றாக எழுந்தது. பீன்ஸ் முளைக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பல்ல, விதை பழசு.

ஆமாம், ஐயா. என் அண்ணனை நான்தான் கொன்றேன். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை, ஏனென்றால் அதில் கோபமோ பகையோ துளியும் இல்லை. இருக்கிற வெயிலைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இங்கே என்னை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. வந்ததிலிருந்து பார்க்கிறேன், இந்த ஜன்னலில் நல்ல வெயில். இரண்டு தொட்டி தாராளமாக வைக்கலாம். எழுத்தர் ஐயாவின் மேஜைதான் அதை அடைத்துக்கொண்டிருக்கிறது. அடிக்கடி இருமுகிறார், பாவம், வீட்டில் பொத்தி வளர்த்த உடம்பு போலிருக்கிறது. அவரை அந்த இருட்டுப் பக்கமாக நகர்த்தலாம். ஒரேயடியாக வேண்டாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக.