ஞானாம்பாள் எண்ணிய நாள்கள்

— டிக்கெட்டை மாத்தச் சொன்னது நீதானே ஷோபனா? தமிழரசனே போன்ல உளறிட்டான்.

— ஆமாத்தை. பொங்கலுக்கே வரட்டுமேன்னு சொன்னேன். சிங்கப்பூர்லேருந்து அடுத்த மாசமே எதுக்கு ஓடி வரணும்?

— எதுக்குன்னு உனக்குத் தெரியாதாக்கும். நீ தூரமான நாள்லேருந்து எண்ணிட்டு வர்றேன், இன்னிக்குப் பதிமூணு. கரு தங்குற நாளு. இன்னும் இருபத்தெட்டு நாள்ல திரும்ப வரும். அப்ப என் மவன் இந்த வீட்டுல இருக்கணும்னுதான் நானே தேதி பாத்துக் குடுத்தேன்.

— இதையெல்லாம் நீங்க எண்ண வேண்டாம்த்தை. கூச்சமா இருக்கு.

— எண்ணவே வேண்டாம்டி, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. காலைலேருந்து கன்னத்துல ஒரு மினுமினுப்பு. நேத்துவரைக்கும் அள்ளி முடிஞ்சுக்கிட்டுத் திரிஞ்சவ, இன்னிக்குப் பின்னிப் பூ வச்சிருக்கே. குரல்கூட கொஞ்சம் குழையுது.

— பூக்காரம்மா இன்னிக்குத்தான் வந்தாங்க. மூஞ்சியில இருக்குறது அடுப்புகிட்ட நின்ன வேர்வை.

— மழுப்பாதே. மாடு பருவத்துக்கு வந்தா, அது கத்துறதுக்கு முந்தியே சொல்லிடுவேன். நெல்லு பூவெடுத்தா வரப்புல நடக்கும்போதே தெரியும். கூடவே இருக்குற மருமவளப் பாத்து இந்த ஞானாம்பாளுக்குத் தெரியாதா?

— ஸ்கேன் பண்ணிப் பாத்துத்தான் டாக்டரே சொல்றாங்க. வெறும் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாதுத்தை.

— டாக்டருன்னதும் ஞாபகம் வருது. கும்பகோணத்துக்குத் துணி எடுக்கப் போறேன்னு போனியே, அன்னிக்கு எந்த ஆஸ்பத்திரி வாசல்ல நின்னே? பக்கத்து வீட்டு ஈஸ்வரி பாத்திருக்கா.

— ஈஸ்வரி அக்காவுக்கு வேற வேலையே இல்லை.

— அவள விடு. அரிசி டின்னுக்குப் பின்னாடி ஒரு மாத்திரை அட்டை ஒளிச்சு வச்சிருக்கியே, அது என்ன? புள்ள தங்கக் கூடாதுன்னு திங்கிறியா? போன ரெண்டு லீவும் அதனாலதான் பாழாப் போச்சா?

— ஏன்த்தை அப்படிப் பேசுறீங்க. எனக்குப் புள்ள வேண்டாம்னு இருக்குமா? அதையே நெனச்சு நான் அழுவாத நாள் இல்லை.

— அப்ப அவன் வர்றதை ஏன் தடுக்குறே? ஏழு வருஷம் பொறுத்தாச்சு. இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லைன்னா, திருவிடைமருதூர்ல என் தம்பி மவளப் பேசி அவனுக்கு முடிச்சிடுவேன். இப்ப சொல்லு, அந்த மாத்திரை எதுக்கு?

— எலும்பு தேயாம இருக்குறதுக்கு.

— அது என் வயசுக்காரிக்குக் குடுக்குறது. முப்பத்திமூணு வயசுக்காரிக்கு எதுக்குடி?

— உங்க வயசுல நிக்க வேண்டியது எனக்கு இப்பவே நின்னுபோச்சுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கத்தை. இனிமே திரும்பாதாம். அவரு வீணா ஓடி வரவேண்டாம்னுதான் டிக்கெட்டை மாத்தச் சொன்னேன்.

— யார்கிட்ட கதை விடுறே? ரெண்டு வாரத்துக்கு முந்தி தூரம்னு சொல்லிட்டு நீ கொல்லைக் கொட்டாயில போய் உக்காரலை? மூணு நாளும் தட்டுல சோறு கொண்டாந்து வச்சவ நான்.

— எட்டு மாசமா சும்மாதான் போய் உக்காந்தேன்த்தை. நீங்க நாளு எண்ணிக்கிட்டு இருக்குறவரைக்கும்தானே நான் இந்த வீட்டு மருமவ.