மேயர் விழுந்தபோது எழுந்த சிரிப்பு

இது யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், இரங்கல் கூட்டம் முடியும்வரை யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவுக்கு. நாளை நான் வாசிக்க வேண்டிய வரிகளைத் தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். அவற்றை வாசிக்க மாட்டேன். நான் பேசப்போவது இதைத்தான்.

மேடையில் வீற்றிருக்கும் தயாரிப்பாளர் திரு. ரூபர்ட் கார்மைக்கேல் அவர்களே, கணவரை இழந்து நிற்கும் திருமதி மாரியன் பிக்கர்ஸ்டாஃப் அவர்களே, சால்ஃபோர்டின் இந்தத் தேவாலயக் கூடத்தில் திரண்டிருக்கும் கலைஞர்களே, ரசிகர்களே, வணக்கம்.

நான் ஹிலரி ஆஷ்வொர்த். 'திமிங்கிலத்துக்குள் நகராட்சி' தொலைக்காட்சித் தொடரில் கருவூலராக வரும் சிறுமி. திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் ஓர் ஊரைக் கட்டி, அதற்கு மேயராக ஆண்டவர் நம் நகைச்சுவை மாமன்னர் ஹோரஸ் பிக்கர்ஸ்டாஃப் அவர்கள். அந்த மேயர் இல்லையா இனி? என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அவர் எப்படிப்பட்டவர்? தொடரின் முதல் பாகத்துக்கான படப்பதிவு ஒன்றில், பார்வையாளர் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் மயங்கிச் சரிந்தார். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேயர் அங்கியோடு அவர் கீழே இறங்கிப் போனார். அந்த அம்மாளின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தேநீர் கொண்டுவரச் சொன்னார். நேரமாகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். "சிரிப்பு எங்கேயும் ஓடிப்போயிடாதுப்பா. இவங்க கண்ண முழிக்கட்டும்" என்றார். அன்று அந்த அம்மாளைக் கார் ஏற்றி அனுப்பிய பிறகுதான் பதிவு தொடர்ந்தது.

அப்படி நிறுத்தியதால் சிரிப்பு ஆறிப்போனது என்று இரண்டாம் பாகத்துக்குப் புது விதி வந்தது. என்ன நடந்தாலும் பதிவை நிறுத்தக் கூடாது. புது வேடிக்கை ஒன்றும் வந்தது. வாரந்தோறும் மேயர் செத்து விழுவார். உடனே இடைத்தேர்தல் நடக்கும். செத்த மேயரே எழுந்து நின்று ஜெயிப்பார். நாடே அதற்காகக் காத்திருந்தது.

கடைசி அத்தியாயத்தில் அவர் விழவேண்டிய இடம் வருவதற்கு முன்பே விழுந்தார். அரங்கம் அதிரச் சிரித்தது. நானும் அதை நடிப்பு என்றே நினைத்துக் குனிந்தேன். கருவூலரே என்றுதான் என்னை அவர் எப்போதும் மேடையில் அழைப்பார். அன்று அப்படி அழைக்கவில்லை.

"ஹிலரி... நிறுத்தச் சொல்லும்மா."

நான் நிமிர்ந்து கையைக் காட்டினேன். அதற்கும் சிரித்தார்கள்! நிறுத்துங்கள் என்று கத்தினேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்! கேமராக்களுக்குப் பக்கத்தில் அரங்க மேலாளர் நின்றிருந்தார். தொடருங்கள் என்று கையைச் சுழற்றிக் காட்டிக்கொண்டே இருந்தார். அந்த அரங்க மேலாளர் நார்மன் ஆஷ்வொர்த். என் அப்பா.

அவர் இதே கூடத்தில்தான் இருக்கிறார். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வறுத்த மீனைத் தட்டில் வைத்துக்கொண்டு சமையலறையில் என்னிடம் சொன்னார்: "வாராவாரம் சாகுற மனுஷன்மா அவரு. அன்னிக்கு மட்டும் நிஜம்னு நான் எப்படிக் கண்டேன்?" இதை வெளியே சொன்னால் தன்னை யாரும் இனி வேலைக்கு வைக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். அப்பாவை யாரும் பழிக்காதீர்கள். அவர் விதிப்படி நடந்தார். நாங்கள் எல்லோருமே விதிப்படி நடந்தோம்.

ஆனால் வெள்ளிக்கிழமை என்ன நடக்கப்போகிறது, தெரியுமா? அந்தப் பதிவை அப்படியே ஒளிபரப்பப் போகிறார்கள். வெட்டிவிடுங்கள் என்று திரு. கார்மைக்கேலிடம் கேட்டேன். "இவ்வளவு பெரிய சிரிப்பு அவருக்கு வாழ்நாள்ல கிடைச்சதில்ல பாப்பா. அதையா வெட்டச் சொல்ற?" என்றார். ஓர் உயிர் பிரிவதை ஊரே இரவுச் சாப்பாட்டோடு பார்த்துச் சிரிக்க வேண்டுமா? மாரியன் அம்மா, அவர் தன் ஒப்பனை அறையில் அமைதியாகக் கண் மூடினார் என்றுதானே உங்களிடம் சொன்னார்கள்? மன்னியுங்கள். இல்லை. உங்கள் ஒரு சொல் போதும், அந்த ஒளிபரப்பு நின்றுவிடும். அதைச் சொல்லுங்கள் அம்மா.

பெரியோர்களே, அவருடைய பணியைத் தொடர்வோம் என்று இங்கே பலரும் சொல்வார்கள். எது அவருடைய பணி? மேயராக விழுந்ததா, அந்த அம்மாளுக்காக இறங்கி வந்ததா? திமிங்கிலம் மறுபடி வாய் திறந்தால் நான் வருவேன். ஆனால் எங்களில் யார் விழுந்தாலும் முதலில் நிறுத்துவோம். விழுந்தவர் எழுந்த பிறகு சிரிப்போம். இது ஹோரஸ் பிக்கர்ஸ்டாஃப் அவர்கள்மீது நான் எடுக்கும் உறு...

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.