கல்கத்தா முதலிடம்

— நாற்காலிய துடைச்சது போதும் பிரவீண், நிறுத்து. இருநூறு நாற்காலி கிடக்கு. உட்கார ஆளு நாம ரெண்டு பேருதான்.

— இன்னும் டைம் இருக்குல்லா வசுமதி தீதி. அஞ்சு மணிக்குத்தான ஷோ? இப்ப நாலே முக்கால்தான் ஆவுது. நம்ம ஆளுக என்னைக்கு சொன்ன நேரத்துக்கு வந்திருக்காங்க?

— டிக்கெட் கூட இல்ல, ஃப்ரீ. வர்றவங்க பேரை மட்டும் குடுங்கன்னு கேட்டேன். எத்தனை பேர் குடுத்தாங்க தெரியுமா? மூணு. ஒண்ணு நான், ஒண்ணு நீ. மூணாவது எங்க ஆபீஸ் கீதாஞ்சலி. அவளும் மத்தியானம் போன் பண்ணி, பையனுக்கு ஜுரம்னுட்டா.

— டாக்குரியா ஸ்டேஷன்ல இறங்கி வாறவங்களுக்கு வழி புரியாம இருக்கும். நான் வேணா கீழ போயி நிக்கேன்.

— எங்கயும் போகாத. உட்காரு.

— டீக்கடை கருப்பையா அண்ணாச்சி போண்டா அனுப்பிட்டாரு, ஆறிப்போகுது. அதையாவது மூடி வைக்கேன்.

— உட்காருன்னா உட்காரேன். கேளு. எட்டு மாசமா வெள்ளிக்கிழமை தவறாம சார்ட் போடறேன். எந்த ஊர்ல இதுவரைக்கும் மொத்தம் எத்தனை பேரு 'சார் சீட்ல இல்ல' ஆல்பத்த கேட்டாங்கன்னு அதைப் பாடின வெங்கட் சாரே அனுப்புவாரு, நான் அதை எடுத்து நம்ம ரசிகர் குரூப்ல போடுவேன். மெட்ராஸ் நானூத்தி அம்பது. மதுரை இருநூறு. கல்கத்தா ஆயிரத்து தொள்ளாயிரம்! காமெடிப் பாட்டு லிஸ்ட்ல அது ஒம்பதாவது இடத்துக்கு ஏறினதே நம்ம ஊராலதான். அத்தனை பேர்ல ஒருத்தருக்குக் கூடவா இன்னிக்கு இங்க வர முடியல? ஞாயித்துக்கிழமை வேற.

— வீட்ல இருந்து பாட்டு கேக்கது வேற, கிளம்பி வாறது வேற தீதி.

— அதுல வர்ற லிஃப்ட் பாட்ட ஒரு தடவை கேட்டவன் வராம இருப்பானா? நாலாவது மாடி ஃபைலு நாலு வருஷமா லிஃப்டுக்கு நிக்குதுன்னு அவரு இழுப்பாரே! நான் ட்ரான்ஸ்பர்ல இங்க வந்த முதல் வருஷம் சிரிச்சதே கிடையாது. ஆபீஸ், ரூமு, ஆபீஸ். அந்தப் பாட்டக் கேட்டு மெட்ரோல தனியா சிரிச்சேன். பக்கத்துல இருந்த அம்மா பயந்து போய் எழுந்து வேற இடத்துல உட்கார்ந்துட்டாங்க.

— சொல்லியிருக்கீங்க.

— அதுக்கப்புறம் என்ன தெரியுமா? காளிகாட்ல ஏறற ஒவ்வொருத்தர் காதையும் பாப்பேன். இயர்போன் இருந்தா, இது நம்ம ஆளா இருக்கும்னு நினைச்சுக்குவேன். பெரிய ஊருதான், யாரையும் தெரியாதுதான். ஆனா ஆயிரத்து தொள்ளாயிரம் பேரு என் கூட சிரிக்கிறாங்கன்னு ஒரு தெம்பு.

— தீதி, அப்படியெல்லாம் பேசாதீங்க.

— உனக்கென்னப்பா? அவருக்கு எழுதினது நான். மெட்ராஸ்ல ஒரு ஹாலும் கிடைக்கல, இனிமே பாட்டே வேண்டாம்னு உட்கார்ந்திருந்த மனுஷன். கல்கத்தாவுக்கு வாங்க சார், இங்க நீங்கதான் நம்பர் ஒன்னு, இடம் பத்தாம ஜனம் நிக்கும்னு எழுதினேன். அதை நம்பி ரயிலேறி வந்திருக்காரு. நீ ஏன் எழுந்து நிக்கற?

— ஒரு விஷயம் சொல்லணும். ஏசினாலும் சரி, அடிச்சாலும் சரி.

— சொல்லு.

— பவானிபூர்ல நம்ம கடைக்கு ரிப்பேருக்கு வாற போன்ல, ஸ்பீக்கர மாத்திட்டா பாட்டு போட்டுத்தான பாக்கணும்?

— ஆமா. போட்டாத்தானே தெரியும்.

— நான் சார் பாட்டத்தான் போடுவேன்.

— போடு. அதுக்கு எதுக்கு அடிக்கணும்?

— என் போன்ல இல்ல தீதி, கஸ்டமர் போன்ல. அவங்க ஆப்ல, அவங்க அக்கவுன்ட்லயே. பேட்டரி மாத்துனா எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாக்க மொத்த ஆல்பத்தையும் ஓடவிட்டுருவேன். தண்ணில விழுந்து வந்தாலும் அதான், கண்ணாடி உடைஞ்சு வந்தாலும் அதான். தெனம் எட்டு, பத்து போனு. ஒரு போனுன்னா ஒரு ஆளுன்னு கணக்குல ஏறிரும்லா.

— எட்டு மாசம்... தெனம் எட்டு, பத்து... இரு. அவங்கள்லாம் யாரு?

— பக்கத்துத் தெரு பெங்காலிக்காரங்க. காலேஜ் புள்ளைங்க. துணிக்கடை மார்வாடிங்க. ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அவங்க போன்ல அந்தப் பாட்டு ஓடுனதே அவங்களுக்குத் தெரியாது. கேட்டது நான் ஒருத்தன்தான்.

— கடவுளே! ஆயிரத்து தொள்ளாயிரமும் நீயா?

— நீங்க ஒருத்தர் இருக்கீங்க. கீதாஞ்சலி அக்கா இருக்காங்க.

— வாய மூடுடா. இது உனக்கு எப்ப தெரியும்?

— மா காளி மேல சத்தியமா மொத மூணு மாசம் தெரியாது. பிடிச்ச பாட்டு, போட்டேன், அம்புட்டுதான். பெறவு எங்க அம்மைக்கு உடம்பு சரியில்லன்னு ஒரு வாரம் கடைய பூட்டிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை மத்த ஊரெல்லாம் ஏறியிருக்கு, கல்கத்தா மட்டும் ஒண்ணு கூட ஏறல. நம்ம ஊருக்கு என்ன ஆச்சுன்னு நீங்க குரூப்ல அழுவாத குறையா எழுதியிருந்தீங்க. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு.

— அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?

— சொல்லத்தான் உங்க ஆபீஸ் வாசலுக்கு வந்தேன். அடுத்த வாரம் ஏறிடும் பாரு பிரவீண்னு நீங்களே எனக்கு ஆறுதல் சொன்னீங்க. மனசு வரல தீதி. மறுநாள் பதினஞ்சு போன்ல போட்டேன்.

— அடப்பாவி! நான் ஒரு கூட்டத்துக்கு நடுவுல இருக்கேன்னு நினைச்சிட்டு இருந்தேன்டா. யாருமே இல்ல. அந்த மெட்ரோல யாருமே இல்ல.

— அழாதீங்க. எனக்கு தாங்கல.

— அழல. போகட்டும், நான் ஒருத்தி ஏமாந்தது பெரிசில்ல. அவர மேடையேத்தி காலி நாற்காலிங்கள பாத்துப் பாட வைக்கக் கூடாது. வந்ததும் உண்மைய சொல்லிடணும்.

— உடைஞ்சு போயிருவாரு.

— உடைஞ்சுதான் போவாரு. நாலு நாள் அழுவாரு, நம்மள திட்டுவாரு. ஆனா மெட்ராஸ்ல நல்ல கம்பெனி, இருபத்திரெண்டு வருஷ வேலை. திரும்பிப் போய் அவரு சீட்ல உட்கார்ந்தா சோத்துக்குக் கஷ்டமில்ல. அந்த ஒரு தைரியத்துலதான் நான் இப்ப மூச்சு விட்டுட்டு இருக்கேன்.

— நானே சொல்லுதேன் தீதி. தப்பு என்னுது.

— சொல்லு. சுத்தி வளைக்காம சொல்லு. படில சத்தம் கேக்குதே... அவருதான். ஆர்மோனியப் பெட்டிய தானே தூக்கிட்டு வர்றாரு பாரு. போய் வாங்கு.

— வணக்கம், வணக்கம்! நீங்கதானே வசுமதி? மூணு மாடிம்மா, மூச்சு வாங்குது. இங்கயும் லிஃப்ட் வேலை செய்யல, என் பாட்டு என்னை விடாது போலிருக்கு. தம்பி யாரு?

— வாங்க சார். இவன்தான் பிரவீண்.

— பிரவீணா! குரூப்ல மொத ஆளா கை தட்டுவீங்களே! வாங்க, கட்டிப் பிடிச்சுக்கறேன். அட, ஏன் தம்பி பின்னாடி போறீங்க? ஜனத்தையே காணோம், நான் முன்னாடியே வந்துட்டேனோ?

— உட்காருங்க சார். இவன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கல்கத்தா நம்பரப் பத்தி.

— அதைப் பத்தி மொதல்ல நான் சொல்லணும்மா. நேர்ல சொல்லலாம்னுதான் இத்தனை நாள் உங்ககிட்ட மறைச்சேன். அந்த ஆயிரத்து தொள்ளாயிரத்தக் காட்டித்தான் எங்க வீட்ல சம்மதமே வாங்கினேன்.

— சார், கொஞ்சம் இருங்க, நான் மொதல்ல—

— முடிச்சுடறேன் தம்பி. இனிமே பாட்டு மட்டும்தான்னு போன மாசமே வேலைய விட எழுதிக் குடுத்துட்டேன். நேத்து நான் ரயிலேறும்போது என் சீட்ல வேற ஆள் உட்கார்ந்தாச்சு.