பி.பி. நம்பர்

உத்திரமேரூர் பஜாரில் போன் மணி அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுப்பது எங்கள் சென்டரில் மட்டும்தான், ஐயா. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என்மேல் ஆயிரம் குறை சொல்பவர்கள்கூட, போனை எடுக்காமல் விட்டான் என்று சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் இந்த ஸ்டேஷனுக்குப் புதிது என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். என் பெயர் ஜெகன். உரக்கடை மாடியில் 'நியூ மில்லேனியம் கம்ப்யூட்டர் சென்டர்' நடத்துகிறேன். கீழே இருக்கும் உரக்கடையும் என்னுடையதே. மாடி போர்டில் அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையை வரைந்திருக்கிறோம். வரைந்தவர் கோயில் சுவர்களுக்கு வர்ணம் அடிக்கிறவர். அதனால் முதல்முறை வருகிறவர்கள் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படி ஏறுகிறார்கள். படிப்புக்கு அந்தப் பணிவு நல்லது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிறுதோறும் 'மேல் கம்பெனிக்கு மாறுவது எப்படி' என்று ஒரு வகுப்பு உண்டு. சின்னக் கம்பெனியில் சின்னச் சம்பளத்துக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இருக்கிற பெரிய அமெரிக்கக் கம்பெனிகளுக்கு எப்படித் தாவுவது, எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது, எல்லாம் சொல்லித்தருவோம். சொல்லித்தருவோம் என்றால், சசிரேகா சொல்லித்தருவாள். எனக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரியும். அணைப்பதை அவள் பார்த்துக்கொண்டாள்.

சசிரேகாவுக்குத் திருமுக்கூடல் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை. அம்மா ஆதிலட்சுமி நடவுக்கும் களையெடுப்பதற்கும் கூலிக்குப் போகிறவர். என்னிடம் மாணவியாக வந்த பெண், காஞ்சிபுரத்தில் பட்டமும் வாங்கிக்கொண்டு எங்களிடமே ஆசிரியை ஆனாள். ரைஸ்மில்களுக்கு நெல் வரவு, அரிசி செலவு பார்க்க ஒரு புரோகிராம் எழுதினாள். இன்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி மில்களில் அதுதான் ஓடுகிறது. திறந்தவுடன் திரையில் என் பெயர் வரும். அவள் பெயரையும் போட்டிருக்கலாம். திரை சிறியது.

இரண்டாயிரம் பிறந்து, கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று பயமுறுத்தியவர்கள் வாயை மூடிக்கொண்ட சமயம். அவள் சென்னைக்குப் போய் ஒரு பெரிய கம்பெனியின் தேர்வை எழுதினாள். என்னைக் கேட்டுவிட்டுத்தான் போனாள். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? என் சென்டரில் வகுப்பே அதற்குத்தான் நடக்கிறது. பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

அவள் வீட்டில் போன் இல்லை. போன் இல்லாதவர்கள் தெரிந்தவர் நம்பரை எழுதிப் பக்கத்தில் பி.பி. என்று போடுவது ஊரறிந்த வழக்கம். போன் வந்தால் எடுத்தவர் ஆளைக் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் செய்தியைச் சேர்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் எல்லாருக்குமே சென்டர் நம்பர்தான் பி.பி. ஐயா, இது பெரிய நம்பிக்கை. நான் அதை லேசாக எடுத்துக்கொண்டதே இல்லை. யாரிடம் எதைச் சொன்னால் யாருக்கு நல்லது என்று யோசித்துத்தான் சொல்வேன்.

சில நாளில் பெங்களூரிலிருந்து போன் வந்தது. தேர்வில் அவள் தேறிவிட்டாளாம், கடைசி நேர்முகத்துக்கு வர வேண்டுமாம். சம்பளத்தையும் சொன்னார்கள். அந்தத் தொகை ஒரு இளம்பெண்ணின் மனதை என்ன பாடு படுத்தும் என்று எனக்கே கவலையாகிவிட்டது. அவளுக்குக் காய்ச்சல் என்றேன்.

குணமானதும் வரட்டும் என்றார்கள்.

அடுத்த முறை அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றேன். நம் பக்கத்தில் எந்தப் பேச்சையும் முடித்துவைக்கிற பதில் அது. போன் செய்த பெண் வாழ்த்துச் சொன்னாள். கணவருக்கும் பெங்களூரிலேயே வேலை தேட உதவி செய்வோம் என்றாள். இன்னொரு முறை, அவள் முழுகாமல் இருக்கிறாள் என்றேன். அதற்கும் அவர்களிடம் லீவு இருந்தது.

இதற்கிடையில் சசிரேகா தினமும் கேட்பாள்.

"சார், போன் எதுனா வந்துச்சா?"

"வரலியேம்மா."

"பரீட்சை நல்லாத்தான் சார் எழுதிக்கீறேன். கம்பெனிலேர்ந்து வந்த பாண்டுரங்கன் சார்னு ஒருத்தர், நான் சொன்னதெல்லாம் தலைய ஆட்டிக்கினே கேட்டாரு."

"தலைய ஆட்டறவன் எல்லாம் வேலை குடுப்பானா? உன் இங்கிலீஷ் கொஞ்சம் இடிக்குதும்மா."

அவள் இங்கிலீஷில் என்ன குறை என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு அந்த மொழி வராது. ஆனாலும் அவள் அதை மனதில் வாங்கிக்கொண்டாள். வகுப்பு முடிந்தபின் உள் அறையில் காலி நாற்காலிகளைப் பார்த்து இங்கிலீஷில் தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்வாள். சில நாள் நடுவில் நிறுத்திவிட்டு, "ச்சே, இதுவும் தப்பு" என்பாள். கீழே உரக்கடை வரை கேட்கும்.

ஐயா, நீங்களே சொல்லுங்கள். ஒரு கம்பெனி எதற்கும் சளைக்காமல் இப்படி நல்லவிதமாகவே நடந்துகொண்டால் ஒரு மனிதன் என்னதான் செய்ய முடியும்? அடுத்த முறை மணி அடித்தபோது, அவள் தவறிவிட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

போன் செய்த பெண் பெயரை இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு ஆறுதல் சொன்னார்கள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. அவள் இல்லாத சென்டரை அப்போது நினைத்துப் பார்த்தேன்.

பெரிய கம்பெனியில் பக்கத்து மேசைக்காரன் பெயரே ஒருவருக்கும் தெரியாது என்று எங்கள் ஞாயிறு வகுப்பிலேயே சொல்வோம். அதை நம்பித்தான் சொன்னேன். அந்தப் பாண்டுரங்கன் வேலூர்ப் பக்கத்துக்காரர் என்பதும், சாவு என்று கேள்விப்பட்டால் நேரில் போய்த் துக்கம் விசாரிக்காமல் விடாத குடும்பம் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் கிளம்பியவர், விசாரிக்காத துக்கத்தை வைத்துக்கொண்டு பட்டைத் தொடக் கூடாது என்று காரை முதலில் இங்கே திருப்பிவிட்டார்.

வந்தவர் வணக்கம் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். துக்க வீட்டில் கும்பிடு போடக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் சென்டர் துக்க வீடு என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையைச் சேர்க்க வந்து, கட்டணத்தை நினைத்துக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"பையனா சார், பொண்ணா?" என்றேன்.

"பொண்ணு" என்றார்.

"கவலையே படாதீங்க. எங்ககிட்ட விட்டுட்டீங்கன்னா ஆறே மாசத்துல மேல அனுப்பிடுவோம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை நான் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு, தவணை வசதியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அப்போதுதான் உள் அறையிலிருந்து சசிரேகா வெளியே வந்தாள்.

"சார், நீங்களா? ரிசல்ட்டு சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?"

பாண்டுரங்கன் எழுந்து நின்றார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. கையில் இருந்த பையிலிருந்து ரோஜா மாலை ஒன்று பாதி வெளியே தொங்கியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"மாலை எல்லாம் இன்னாத்துக்கு சார்" என்று வெட்கத்தோடு தலையைத் தாழ்த்தினாள்.

அவர் மாலையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நிலைமையை நான்தான் சமாளித்தேன். "போடுங்க சார், பொண்ணு நிக்குதில்ல" என்றேன்.

போட்டிருப்பார். ஆனால் படியில் கூக்குரல் கேட்டது. என்ன நடந்தது என்றால், அவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் 'செத்துப்போன சசிரேகா' வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். அவர்கள் அவரைச் சென்டருக்கு அனுப்பிவிட்டு, அவர் மாலை கட்டி வாங்க இரண்டு மணி நேரம் காத்திருந்தபோது சேதியைத் திருமுக்கூடல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நடவில் நின்ற ஆதிலட்சுமி யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு, முழங்கால் சேறோடு மாரில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மகளைப் பார்த்தார். கட்டிப்பிடித்தார். பிறகு ஓங்கி ஓர் அறை விட்டார்.

"உசுரோட கீறியாடி நீ? செத்துப்பூட்டேன்னு ஊரே பேசிக்கினு கீதுடி."

"நான் ஏம்மா சாவறேன்? எனக்கு வேலை கெடச்சிக்கீது. சார் வந்துக்கீறாரு பாரு."

"இங்க போன் பண்ணப்போ, இறந்துட்டாங்கன்னு சொன்னாங்கம்மா" என்றார் பாண்டுரங்கன், மெதுவாக. "அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆயிடுச்சுன்னாங்க."

எல்லாரும் முதலில் போனைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் நைனா, வாயக் கட்டி வயித்தக் கட்டி வளத்தவ நானு. சாவடிக்க நீ யாரு?" என்றார் ஆதிலட்சுமி.

சசிரேகா சத்தம் போடவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டே என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ என் இங்கிலீஷ் நல்லாத்தான் கீதா சார்?"

தெரியாத விஷயத்தில் கருத்துச் சொல்வது என் பழக்கமில்லை.

உயிரோடு இருப்பவரைப் போனில் சாகடித்தால் எந்தப் பிரிவில் வரும் என்று நீங்கள் ரைட்டரைக் கேட்டதை நான் கவனித்தேன். அவர் இன்னும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அதிகம் சிரமம் வைக்க வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் நானாகவே சொல்லிவிட்டேன்.

இவள் ஒருத்திதானா என்று கேட்டீர்கள். சாவு இவள் ஒருத்திக்குத்தான். சந்தோஷ் என்று ஒரு பையன் இருந்தான். ஹைதராபாத்திலிருந்து அவனைக் கேட்டபோது, அடிதடி கேஸில் உள்ளே இருக்கிறான் என்றேன். அந்த நேரம் அவன் எனக்கு டீ வாங்கப் போயிருந்தான். இப்போது கல்குவாரியில் லாரிகளுக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்கிறான். மலர்க்கொடிக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவளைக் கேட்டு எந்தக் கம்பெனியும் போன் செய்யவில்லை. தன் ராசி அப்படி என்று அவளே முடிவு கட்டி, வந்த வரனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டாள். ராசியை நம்புகிறவர்களிடம் போய், இல்லைம்மா, அது நான்தான் என்று சொல்வது அவ்வளவு நாகரிகமாக இருக்காது. இன்னும் சில பேர் உண்டு. யோசித்துச் சொல்கிறேன். அவர்களில் யாரும் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. தீபாவளிக்கு இனிப்பு கொண்டுவருகிறார்கள்.

சசிரேகா அந்தப் பெங்களூர் கம்பெனியிலேயே சேர்ந்துவிட்டாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு போன் வைத்துக் கொடுத்திருக்கிறாள் என்று கேள்வி. எனக்கு அந்த நம்பரைத் தரவில்லை. பரவாயில்லை. 'எங்கள் மாணவி, பெங்களூரில், அமெரிக்கக் கம்பெனியில்' என்று அவள் படத்தோடு நோட்டீஸ் அடித்து பஸ்களில் கொடுத்துவருகிறேன். சேர்க்கை நன்றாக நடக்கிறது.

ஆதிலட்சுமி தன் புகாரில் அந்த நோட்டீஸைத்தான் முதலில் எழுதியிருக்கிறார். தன் மகளை நான் அனுப்பவில்லை, அவளாகவே போனாள் என்கிறார். காய்ச்சல், கல்யாணம், கர்ப்பம், சாவு, எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன் ஐயா. நான் அனுப்பவில்லை என்ற இந்த ஒன்றை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவள் உயிரோடு இருந்த வரைக்கும் பெங்களூரிலிருந்து ஒருவர்கூட அவளைத் தேடி வரவில்லை. நான் சாகடித்த பிறகுதானே காரெடுத்துக்கொண்டு வந்தார்கள்.