வேலை நடக்கும்போது எடுத்த படம்

அந்த ஸ்டூல் வேண்டாம் மேடம், அதுக்கு ஒரு கால் ஆடும். கட்டில்லயே உக்காருங்க. நீங்க மலையாளத்துலயே கேளுங்க, எனக்கு நல்லா புரியும். நான் மட்டும் தமிழ்ல சொல்லிக்கிறேன். பொறந்தது வளந்தது எல்லாம் இந்த மட்டாஞ்சேரிதான், படிச்சதும் மலையாளம்தான். என் பேர இசக்கிதுரைன்னு தமிழ்ல எழுதச் சொன்னா ரெண்டு தடவ யோசிப்பேன். ஆனா வீரபாண்டியப் பத்திப் பேசணும்னா தமிழ்தான் வருது. அவன்கிட்ட வேற பாஷைல பேசுனதே இல்லயே.

ஆமா, நாங்க எடுக்குற படம் எங்க போகும்னு கேட்டீங்க. சொல்றேன். வீரபாண்டி பொண்டாட்டி பொன்மணிக்காக கேஸ் நடத்துற வக்கீல் நீங்க, எர்ணாகுளத்துலேர்ந்து வெயில்ல வந்திருக்கீங்க, மறைச்சு என்ன ஆகப் போகுது.

நாங்க கான்ட்ராக்ட் ஆளுங்க. மூடிக் கெடக்குற கானாவுல, அதான் சாக்கடைல, அடைப்பு எடுக்குறதுதான் பணி. மெஷின் வண்டி வரும்னு பேப்பர்ல எழுதியிருக்கும். இந்த குடோன் சந்துக்குள்ள வண்டி நுழையாது, நாங்கதான் நுழைவோம். முன்னெல்லாம் வேலை முடிஞ்சதும் போன்ல ஒரு படம் எடுத்து அனுப்புனா போதும். எங்காளுங்க சும்மா இருப்பாங்களா, பழைய படத்தையே திரும்பத் திரும்ப அனுப்புனாங்க. மூணு மாசமா ஒரே பூன ஒரே சுவத்துல உக்காந்திருந்துச்சு. அதுல மாட்டிக்கிட்டோம்.

அதுக்கப்புறம்தான் கம்பெனி இந்த கேமராவ குடுத்துச்சு. நாம ஒண்ணும் அனுப்ப வேண்டாம். பட்டன அமுக்குனா கேமராலேர்ந்து என் போனுக்கு வரும், போன்லேர்ந்து தானா மேல ஏறிடும். கிளவுடுங்கறாங்க. படத்துலயே நேரமும் இடமும் விழுந்திருக்கும், ஏமாத்த முடியாது. காக்கநாட்டு ஆபீஸ்ல ஷீஜான்னு ஒரு பொண்ணு, ஒவ்வொரு படமா பாத்து சரின்னு போடும். அது சரின்னு போடலேன்னா அன்னிக்கு நாங்க வேலையே செய்யலேன்னு அர்த்தம்.

என் கையில ஏன் குடுத்தாங்கன்னா, எனக்கு முட்டி போயிருச்சு. ரெண்டு வருஷமா உள்ள எறங்க முடியல. ஷிபு சேட்டன், அவன்தான் எங்க சூப்பர்வைசர், ஒரு நாள் என் கழுத்துல ஒரு கார்ட மாட்டிவிட்டான். சேஃப்டி ஆளுன்னு போட்டிருந்துச்சு. வீரபாண்டி கேக்குறான், அண்ணாச்சி, சேஃப்டின்னா என்ன பணின்னு. நீ எறங்கும்போது நான் மேல நிக்கிறதுதாம்லேன்னேன். இத்தன வருஷமா அத எங்க மாரியம்மதான் பாத்துக்கிட்டா, அவளுக்கும் ஒரு கார்டு கேட்டு வாங்கிக் குடுங்கன்னான். அப்படித்தான் பேசுவான் அவன்.

அந்த கிளவுடு அக்கவுண்ட் கம்பெனி பேர்ல இல்ல மேடம், என் பேர்லதான். அங்க எடம் நெறஞ்சு போச்சு, உன் நம்பர்ல ஒண்ணு தொறந்து ஆபீசுக்குக் காட்டுன்னான் ஷிபு சேட்டன். தொறந்தேன். அவங்க பாக்கலாம். அழிக்கிறது, வைக்கிறது எல்லாம் என் கையில. பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும்.

இருங்க, ஃபேனக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். உங்க பேப்பர் பறக்குது.

ஒரு குழிக்கு மூணு படம் வேணும். எறங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு, வேலை நடக்கும்போது ஒண்ணு, முடிஞ்சப்புறம் ஒண்ணு. மொத ரெண்டுலயும் ஆளு டிரெஸ் போட்டிருக்கணும். ரப்பர் டிரெஸ், கண்ணாடி வச்ச மாஸ்க், முதுகுல சிலிண்டர். அது இல்லாம எறக்கக்கூடாதுன்னு சட்டம், உங்களுக்குத் தெரியாததா. மூணு செட்டு ஆளுங்களுக்கு டிரெஸ் ஒண்ணுதான் இருந்துச்சு. இங்க வீரபாண்டி போட்டுக்கிட்டு நிப்பான், ஒரு படம். இடுப்பு வரைக்கும் குழிக்குள்ள எறங்கி நிப்பான், இன்னொரு படம். ஒடனே மேல ஏறி கழட்டிருவான். ஆட்டோ காத்துக்கிட்டு நிக்கும். டிரெஸ்ஸ தூக்கிப் போட்டுக்கிட்டு தோப்பும்படிக்குப் போகும், அங்க வேற ஒருத்தன் போட்டு நிக்க. இவன் பனியனும் நிக்கருமா உள்ள எறங்குவான். நாங்க அதுக்குக் கல்யாண டிரெஸ்னு பேரு வச்சிருந்தோம். போட்டோக்கு மட்டும் போடுறதுதானே. அண்ணாச்சி, பொண்ணு வீட்டுக்கு அனுப்புற மாதிரி நல்லா எடுங்கன்னுவான்.

இல்ல, யாரும் எதுத்துக் கேக்கல. கேட்டா மறுநாள் வேற ஆளு நிப்பான்.

அன்னிக்கு செவ்வாக்கிழம. காலைல பத்து மணி. பஜார் ரோட்டுக்குப் பின்னால, மொளகா குடோன் பக்கத்துல. ரெண்டு படம் எடுத்தேன். டிரெஸ் ஆட்டோல ஏறிப் போயிருச்சு, இவனும் உள்ள எறங்கிட்டான். அப்ப ஷீஜா போன் பண்ணுது. சேட்டா, ரெண்டாவது படத்துல முகம் காணுன்னில்ல, ஒந்நுகூடி எடுக்கு, அப்படீன்னு. முகம் மங்கலா விழுந்திருச்சு போல, இன்னொண்ணு எடுக்கணுமாம். நான் என்ன சொல்ல, டிரெஸ் தோப்பும்படில இருக்குன்னா? மேலேர்ந்து எடுத்தா இருட்டுல முகமும் தொப்பியும் மட்டும்தான் விழும், டிரெஸ் இருக்கா இல்லையான்னு யாரு பாக்கப் போறான்னு நெனச்சேன். ஏலே வீரபாண்டி, மேல பாருன்னேன். பாத்தான். எடுத்தேன். ஃபிளாஷ் போட்டதுல எல்லாமே தெளிவா விழுந்திருச்சு.

அதுக்கப்புறம் நடந்தது நீங்க பேப்பர்ல படிச்சதுதான். வெளிய எடுத்தப்ப மூச்சு இல்ல. விஷவாயுன்னு சொன்னாரு டாக்டர்.

போலீஸ் வர்றதுக்கு முன்னாடி ஆட்டோ திரும்பி வந்திருச்சு மேடம். அந்த டிரெஸ்ஸ குழிக்குப் பக்கத்துல வச்சாங்க, கழட்டிப் போட்ட மாதிரி. கம்பெனி சொல்றது என்னன்னா, பத்து பத்துக்கு எடுத்த படத்துல டிரெஸ்ஸோட நிக்கிறான் பாருங்க, நாங்க குடுத்தோம், அவன்தான் புழுக்கம்னு கழட்டிட்டு எறங்கிட்டான். தண்ணி போட்டிருந்தான்னும் ஒரு வரி சேத்துட்டாங்க. செவ்வாக்கிழம குடிக்க மாட்டான் அவன், அன்னிக்கு வெரதம். ஆமா, நானும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். அவனே கழட்டிட்டான்னு. படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன்.

பொன்மணி ரெண்டு வீடு தள்ளித்தான். பதினாறாம் நாள் முடிஞ்சதும் வந்து இதோ இந்த வாசப்படில நின்னா. நஷ்டஈடு கெடைக்குமான்னு கேக்கல, வேற எதையும் கேக்கல. அண்ணாச்சி, அவரே கழட்டுனாரா, எங்கள நெனக்கவே இல்லையான்னா. நான் ஆமான்னு தலைய ஆட்டுனேன். அன்னிலேர்ந்து அவ அவன் படத்துக்கு விளக்கு வைக்கிறது இல்லன்னு வீட்டுக்காரி சொல்றா. வேணும்னுதானே எங்கள விட்டுட்டுப் போனாருன்னு சொல்றாளாம்.

ஷீஜா உங்ககிட்ட சொல்லிருச்சா? நல்ல பொண்ணு. நானும் நெனச்சேன், அது சொல்லாம இருக்காதுன்னு. ஆமா, அந்த மூணாவது படம் ஏறுச்சு. ஷீஜா கண்ணுலயும் பட்டுச்சு. அரை மணி நேரம் கழிச்சுப் பாத்தா இல்ல. அது சரிதான்.

இல்ல மேடம், ஷிபு சேட்டன் மிரட்டல. அப்படி எழுதிக்காதீங்க. அவன் மத்ததுக்கெல்லாம் காரணம், அத நீங்க தாராளமா எழுதுங்க. இதுக்கு இல்ல. அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து படம் எதுவும் இருக்கான்னு கேக்குறப்பவே நான் அழிச்சு முடிச்சிருந்தேன். வராந்தாவுல நின்னு, ஸ்ட்ரெச்சர உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்பவே. யாரும் சொல்லல. எனக்கே தோணுச்சு.

பயந்தாத்தானே அழிப்பான்னு சொல்றீங்க. கம்பெனிய நெனச்சா? அதுவா இருந்தா உங்ககிட்ட சொல்ல எனக்கு இவ்வளவு நேரம் ஆகாதே.

அழிச்சா ஒடனே போயிராது மேடம். முப்பது நாள் குப்பத்தொட்டிக்குள்ள கெடக்கும், அதுக்கப்புறம்தான் தானா போகும். எனக்கு அது அப்ப தெரியாது. ஒரு வாரம் கழிச்சு எதையோ தேடும்போது கண்ணுல பட்டுச்சு. பக்கத்துலயே எத்தன நாள் பாக்கின்னு எழுதியிருக்கும். தெனமும் காலைல சாயாகூட குடிக்காம மொதல்ல அதத்தான் தொறந்து பாப்பேன். இருபத்திரெண்டு, இருபத்தொண்ணு, இருபதுன்னு எறங்கிட்டே வந்துச்சு. எடுத்து வெளிய வைக்கவும் கை போகல, அங்கேயே நிரந்தரமா அழிக்கவும் கை போகல. தானா போகட்டும், நான் செஞ்சதா இருக்க வேண்டாம்னு விட்டுட்டேன். நீங்க நாளான்னிக்கு வந்திருந்தீங்கன்னா இருந்திருக்காது.

இந்தாங்க போன். அந்தக் குப்பத்தொட்டி அடையாளத்த அமுக்குங்க. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். பத்து இருபத்தாறு, நேரம் போட்டிருக்கா? ஆமா, சிரிக்கத்தான் செய்யிறான். கேமராவக் கண்டா சிரிச்சிருவான். பனியன்தான் போட்டிருக்கான், தெரியுதுல்ல. வீட்டுலேர்ந்து போட்டுட்டு வந்த பனியன். உங்க கேசுக்கு அது போதும். கம்பெனி சொன்னது பொய்யின்னு ஆயிரும். பொன்மணிகிட்டயும் காட்டிருங்க, அவன் உங்கள மறந்துட்டு எறங்கலம்மான்னு.

காட்டும்போது முழுசாவே காட்டுங்க, வெட்டிக் காட்டாதீங்க. இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க. இந்த ஓரம். மஞ்சக் கயிறு ஒண்ணு குழிக்குப் பக்கத்துல சும்மா கெடக்குல்ல. பக்கத்துல தெரியிற காலு என்னோடது. அவன் இடுப்புல கட்டுன கயிறு அது, இந்த முனை என் கையில இருக்கணும். மூச்சு முட்டுனா ரெண்டு இழுப்பு இழுப்பான், நான் ஒடனே ஆளக் கூப்புட்டுத் தூக்கணும். கேமரா புடிக்க ரெண்டு கையும் வேணும்லா, அதான் கீழ போட்டேன். எடுத்ததும் கயிறப் புடிச்சிருக்கலாம். திரும்பவும் மங்கலாப் போயிருந்தா ஷீஜா கத்துமேன்னு, படம் ஏறிடுச்சான்னு போனப் பாத்துக்கிட்டு நின்னேன். அந்தச் சந்துல சிக்னல் கெடைக்காது மேடம். வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, ஒரு நாலு நிமிஷம் இருக்கும். ஏறுனதும் ஒரு டிக் விழும். அது விழுந்தப்புறம்தான் குனிஞ்சு கயிற எடுத்தேன். கனமா இருந்துச்சு.