கொக்கு இறந்த பக்கம்

நல்ல பசை என்றால், காய்ந்த பிறகு அது இருக்கிற இடமே தெரியக் கூடாது. நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதுதான். கணினியில் பக்கம் கோப்பது என் வேலை. ஆள் குறைந்தால் பைண்டிங் மேசையிலும் உட்காருவேன். நடந்த காரியத்துக்கு இரண்டு வேலையும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

சபைக் கமிட்டி என்னிடம் வாக்குமூலம் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதித் தருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூல் டீச்சர் அக்காவை வகுப்பிலிருந்து நீக்கப் போகிறீர்கள். பதினெட்டு வருடமாக அவருக்கு இருப்பது அந்த ஒரு வகுப்புதான். புத்தகங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது அவர். கொக்கைக் கொன்றது நான்.

போன வருடம் அவர் மூன்று தடித்த மாயக்கதைத் தொகுதிகளை சண்டே ஸ்கூல் அலமாரிக்குக் கொண்டுவந்தார். விளக்குக் கடையில் வேலை செய்யும் ஓர் அநாதைப் பெண், பேசும் கொக்கு ஒன்று, காற்றைத் திருடும் வில்லன். பிள்ளைகள் படிக்கலாமா கூடாதா என்று கமிட்டியில் பெரிய பேச்சு. கடைசியில் சபைச் செயலர், கோவிலைப் பெருக்கும் வேலையில் இருக்கும் என் அம்மாவிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நம்ம சபையில நீதாம்மா படிச்ச பொண்ணு. எங்கெங்க சூனியம் வருதோ அங்கெல்லாம் பென்சில்ல ஒரு கோடு போட்டுக் குடு."

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் நான் பட்டம் வாங்கியதை அவர் மேடையிலிருந்து அறிவித்திருந்தார். "சபை ஜெபம் பண்ணுச்சு, பிள்ளை பாஸாயிருச்சு" என்றார். நான் எழுதியது ஆறு செமஸ்டர். சபை ஜெபித்தது ஒரு ஞாயிறு. இதைக் கோபத்தோடு எழுதவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன்.

மூன்றையும் ஜெபத்தோடுதான் படித்தேன். சூனியம் என்னை உறுத்தவில்லை. விளக்கைத் தேய்த்தால் காற்று திரும்பும் என்று எந்தப் பிள்ளையும் நம்பாது. எங்கள் வீட்டு மின்விசிறி தட்டினால்கூடத் திரும்பாது. உறுத்தியது முதல் தொகுதியின் முடிவு. அந்தப் பெண் முந்நூறு பக்கம் கண் எரிய உட்கார்ந்து விளக்குகளின் பாஷையைத் தானாகப் படிக்கிறாள். தேறியதும் அவள் தோளில் ஒரு மச்சம் ஒளிர்கிறது. அவள் புயல் ராணியின் பேத்தியாம். படித்ததெல்லாம் ஏற்கெனவே ரத்தத்தில் இருந்ததாம்.

புத்தகத்தை மூடிவிட்டு வேதாகமத்தை எடுத்தேன். பேதுரு மீன் பிடித்தவர். தாவீது ஆடு மேய்த்தவர். யாருக்கும் தோளில் எதுவும் ஒளிரவில்லை. மத்தேயு முதல் அதிகாரம் இயேசுவின் வம்ச வரலாற்றோடுதானே தொடங்குகிறது என்று செயலர் கேட்பார். அதிலும் பென்சில் கோடு போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் நான்கு பக்க அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். செயலர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சூனியம் இருக்கா இல்லையாம்மா? ஒரே வார்த்தை."

"இல்லங்க. ஆனா அதைவிட மோசமா ஒண்ணு..."

"இல்லல்ல? அப்ப அலமாரியில வெச்சுரு."

என் அறிக்கையைப் படிக்க ஆளில்லை என்றால், அறிக்கையைப் புத்தகத்துக்குள் வைப்பதுதான் ஒரே வழி. புத்தகங்கள் பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைக்கப்படுகின்றன. அந்தப் பதினாறை நாங்கள் ஒரு பாரம் என்போம். புத்தகத்தின் முதுகில் லேசாகச் சூடு காட்டினால் பசை இளகும், தையலைப் பிரித்தால் கடைசிப் பாரம் கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் நானே எழுதி அச்சிட்ட பாரத்தைத் தைத்து ஒட்டினேன். அதே எழுத்துரு, அதே ஓரம். புதிய தாளின் வெள்ளை போக மொட்டை மாடியில் மூன்று நாள் வெயில். மதிய உணவு நேரத்தில்தான் செய்தேன், முதலாளியின் நேரத்தை எடுக்கவில்லை.

என் முதல் தொகுதியில் மச்சம் ஒளிர்கிறது, ஆனால் வாரிசுச் சான்றிதழில் மேலதிகாரியின் கையெழுத்து இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அவள் நுழைவுத் தேர்வு எழுதி அறுபத்திரண்டு சதவீதம் வாங்குகிறாள். இரண்டாம் தொகுதி தொடங்கும்போது மறுபடியும் இளவரசியாகத்தான் இருப்பாள். பிள்ளைகள் யாரும் குழம்பவில்லை. இடையில் மேல்முறையீடு செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டாம் தொகுதியில் வில்லனுக்கு இடமாற்றல் உத்தரவு வருகிறது.

மூன்றாவதில்தான் கொக்கு. அது ஆரம்பத்திலிருந்தே அவள் பக்கத்தில் நின்று கஷ்டமான சொல்லுக்கெல்லாம் அர்த்தம் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் எல்லாரும் கொக்கால்தான் ஜெயித்தாள் என்பார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு பத்தியில், நிமோனியாவில், வலியில்லாமல் முடித்தேன். அதற்குப் பிறகு அவள் தனியாக ஜெயிக்கிறாள். எல்லாம் பதினோரு பக்கத்தில் முடிந்தது. மீதி ஐந்து பக்கம் வெறுமையாக விழுந்தது.

பின்விளைவுகளையும் பதிவு செய்கிறேன். ஏழு பிள்ளைகள் அழுதார்கள். செயலரின் கடைசி மகள், முன்பல் இரண்டும் விழுந்தவள், இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஜெப விண்ணப்ப வேளையில் வியாதியஸ்தர்கள், பிரயாணிகள் ஆகியோருக்குப் பிறகு கொக்கின் குடும்பத்துக்காகவும் ஜெபிக்கச் சொன்னாள். போதகர் அதை யாரோ ஒரு தம்பியின் பட்டப்பெயர் என்று நினைத்து ஜெபித்துவிட்டார். பிள்ளைகள் வாழ்க்கையைச் சீக்கிரமே தெரிந்துகொள்வது நல்லது என்று நான் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். செயலரின் அந்தக் கடைசிப் பிள்ளை லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போய் அங்கே இருந்த வேறு பிரதியில் மூன்றாம் தொகுதியைப் படித்துவிட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை போதகர் பொறுமையைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது பெஞ்சுகளுக்கு நடுவே ஓடி வந்தது.

"கொக்கு சாகல! உயிரோட இருக்கு! நானே பாத்தேன்!"

பின் பெஞ்சுப் பிள்ளைகள் மொத்தமாக எழுந்து அல்லேலூயா என்றார்கள். உயிர்த்தெழுதலைக் கேலி செய்யக் கற்றுக்கொடுத்தது யார் என்று விசாரணை வந்தது. டீச்சர் அக்கா மேல் பழி விழுந்தது. அவர் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை என்பதைக் குற்றத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டீர்கள்.

அவர் ஏன் மறுக்கவில்லை என்று எனக்கும் நேற்றுதான் தெரிந்தது. அச்சகத்துக்கு வந்தார். பைண்டிங் மேசைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"'மேற்படி கொக்கு காலமானது'ன்னு உலகத்துலயே ஒருத்திதான்டி எழுதுவா" என்றார்.

நான் தாளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்த 'மேற்படி'யை உனக்குக் கத்துக்குடுத்ததே நான்தான். உன் காலேஜ் அப்ளிகேஷன்ல. ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"முதல்லயே தெரிஞ்சுபோச்சு. சொன்னா உங்கம்மா வேலையும் சேர்ந்து போகும். அதான் வாயைத் திறக்கல." எழுந்தவர் வாசலில் நின்றார். "ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தக் கொக்கு உன்னை என்னடி பண்ணுச்சு?"

இந்தக் கேள்வி வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்பதால் இங்கே பதில் எழுதவில்லை.

டீச்சர் அக்கா எனக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தார், உண்மை. மூன்று வருடம் சனிக்கிழமைதோறும் ஆங்கிலப் பாடத்துக்கு உட்கார்ந்து அர்த்தம் சொன்னார், அதுவும் உண்மை. தேர்வு எழுதியது நான்.

மூலப் பாரங்களைத் தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்டால் தைத்துத் தருகிறேன். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. டீச்சர் அக்காவை வகுப்பில் விட்டுவிடுங்கள்.

இதைப் பெருமைக்காகச் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மூன்றாம் தொகுதியின் கடைசித் தாளில், அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் என் பெயர் இருக்கும், பட்டத்தோடு. அது அடையாளத்துக்காகப் போட்டது. டீச்சர் அக்கா பெயரையும் போட்டிருப்பேன். இடம் இல்லை.