நிற்கக் கற்றுத் தந்தவரைப் படுக்க வைத்தார்கள்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, மாவட்ட நிர்வாகத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, அம்மாவை இழந்து நிற்கும் தாமிரா, ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் சாரிபெல் ஊர் மக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள், மூத்த இயன்முறை மருத்துவர் ஜிபார்குல் எசென்காலியேவா அவர்களை இந்த மருத்துவமனையின் பெருமை என்றார்கள். பெருமைதான். அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்த அனார் நான். அந்தப் பெருமையை இங்கே எப்படிக் காப்பாற்றினார்கள் என்று யாராவது சொல்ல வேண்டாமா? நான் சொல்கிறேன்.

அதோ, கதவோரம் நிற்கும் சுயுன்பெக்கை உங்களுக்குத் தெரியும். குதிரை உருட்டிவிட்டதில் முதுகெலும்பு அடிபட்டு, கால்கள் மரத்துப்போய், கம்பளத்தில் சுற்றி அவரைத் தூக்கி வந்தார்கள். வந்ததுமே ஜிபார்குலோடு சண்டை.

"நடக்கறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்க்கா. முதல்ல என்னைக் குதிரைல ஏத்திவிடுங்க."

"ஏறலாம் தம்பி. ஏறணும்னா ஒத்தக் கால்ல மொத்த உடம்பும் நிக்கணும். நீ ரெண்டு கால்லயே தள்ளாடுற."

"அப்ப நான் என்ன, மூட்டையா?"

"இப்போதைக்கு மூட்டைதான். கோவிச்சுக்காத, மாத்திடலாம்."

குதிரை ஏறுவதை அவர் துண்டு துண்டாகப் பிரித்தார். எடையை ஒரு காலுக்கு மாற்றுவது, விழாமல் நிற்பது, இடுப்பைத் திருப்புவது, அடுத்த காலை வீசுவது. அசைவு எந்த இடத்தில் உடைகிறது என்று கண்கொட்டாமல் பார்ப்பார். அந்த இடத்துக்குத்தான் பயிற்சி. சேணத்தைக் கொண்டுவரச் சொல்லி மரப்பெஞ்சில் கட்டினார். இது மருத்துவமனையா, லாயமா என்று அன்று சிரித்தவர்களில் சிலர் இன்று மேடையில் இருக்கிறார்கள். கை கொடுத்து யாரையும் தூக்கிவிட மாட்டார். "நான் தூக்கினா என் முதுகுதான் கத்துக்கும், உன் முதுகு கத்துக்காது" என்பார். அடுத்த கோடையில் சுயுன்பெக் தன் ஆடுகளோடு, குதிரை மேல், மேய்ச்சல் மலைக்கு ஏறினார்.

பிறகு அந்தப் பயிற்சிக் கூடத்தை மூடினார்கள். கூட்டம் நடத்த நல்ல இடம் வேண்டுமாம். பிடித்து நடக்கும் கம்பிகளைப் பெயர்த்தார்கள். பெஞ்ச் அடுப்புக்குப் போனது. எங்கள் இருவருக்கும் பூங்கொத்துக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அது எந்தக் கூடம்? நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தக் கூடம். விரிப்பை விலக்கிப் பாருங்கள், கம்பி நட்ட குழிகள் தெரியும்.

இந்த வசந்தத்தில் ஜிபார்குலுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. இங்கேதான் சேர்த்தார்கள். முழு ஓய்வு, அசைக்கக் கூடாது என்றார்கள். தாமிரா எனக்குப் போன் செய்தாள்.

"சித்தி, அம்மா என்னமோ சொல்லிக்கிட்டே இருக்காங்க, புரியல. கோவமா இருக்காங்க."

போனேன். வாய் கோணி, பேச்சு குழறியது. எனக்குப் புரிந்தது. "கால... உள்ள இழு" என்றார். எழுந்திருக்கும் முன் பாதத்தைப் பின்னால் இழுக்க வேண்டும், அதைத்தான் சொன்னார். நானும் தாமிராவும் அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தோம். சரிந்தார். தன் உடம்பை ஒரு நோயாளியின் உடம்பைப் போலக் குனிந்து பார்த்தார்.

"வலது பக்கம்... எடையே போடல நான். தப்பு அனார். மறுபடி."

மறுபடி சரிந்தார். மறுபடி. ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாமிரா அழுதாள். அவர் சிரித்தார், பாதி முகத்தால்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு பணி மருத்துவர் வந்தார். "யாரைக் கேட்டு அவங்களை எழுப்புனீங்க? நீங்க இப்ப இங்க வேலையில இல்ல. விழுந்தா யார் பொறுப்பு?"

மறுநாள் என்னை வாசலிலேயே நிறுத்தினார்கள். அவரைப் படுக்க வைத்தார்கள். படுத்தே கிடந்தவருக்கு நெஞ்சில் சளி கட்டியது, காய்ச்சல் ஏறியது, மூச்சு அடங்கியது. பக்கவாதம் அவரைக் கொண்டுபோய்விட்டது என்று சற்றுமுன் ஒருவர் உருகினார். இல்லை ஐயா. அந்தக் கட்டில் கொண்டுபோனது.

பூவை வைத்துவிட்டுக் கலைந்து போக நான் வரவில்லை. மாடியில், பெண்கள் பிரிவில், தபால் நிலையத்து உமுத் இதே நோயோடு படுத்திருக்கிறார். அவருக்கும் முழு ஓய்வாம். அவர் கணவர் நேற்று என் வீட்டுக்கு வந்து கேட்டார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை நானும் தாமிராவும் சுயுன்பெக்கும் வருவோம். ஜிபார்குல் சொன்னபடியே உமுத்தை உட்கார வைப்போம். பிறகு நிற்க வைப்போம்.

தலைவர் அவர்களே, இந்தக் கூடத்தின் சாவி உங்களிடம் இருக்கிறது. தந்தால் இங்கே கற்றுத் தருவோம். தராவிட்டால் உங்கள் அறைக்கு எதிரே இருக்கும் தாழ்வாரத்தில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கக் கற்றுத் தருவோம்.